வெறும் வயிறு வேற, பட்டினி வேற

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



தீர்மான நோட்டைப் படிக்கச் சொன்னா படிச்சிடுவேன். மைக்கைப் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. "யோகா கத்துக்கிட்டியே, அதுக்கு என்ன சாப்பிடணும்னு நீயே பேசு"ன்னு தலைவி அக்கா சொல்லிட்டாங்க. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நம்ம கட்டடத்துல காலை அஞ்சரை மணி யோகா வகுப்பு ஆரம்பிச்சப்ப முதல்ல பேர் கொடுத்தவ நான். எனக்கு இடுப்பு வலி. ரெண்டாவது வாரம், சூரிய நமஸ்காரத்துல குனிஞ்சு நிமிரும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்து அப்படியே உட்கார்ந்துட்டேன். டீச்சர் ஓடி வந்து, "வெறும் வயித்துலதானே வந்தீங்க?"ன்னு கேட்டாங்க. "நீங்க சொன்னபடிதான் டீச்சர்"னு பெருமையா வேற சொன்னேன். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"ன்னு அடுத்த கேள்வி கேட்டாங்க.

அப்பதான் யோசிச்சுப் பார்க்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு, எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம், சட்டியில மிச்சம் இருந்த சோத்துல ரசத்தை ஊத்திக்கிட்டேன். குழம்பு தீர்ந்துபோச்சு. மத்தியானம் நூறு நாள் வேலையில ரெண்டு டீ, ஒரு பன். இதுல எங்க சத்து இருக்கு? இங்க இருக்கிற பாதிப் பேருக்கு நேத்து இதேதான் சாப்பாடுன்னு எனக்குத் தெரியும். சிரிக்காதீங்க, உண்மைதானே!

டீச்சர் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 8.4. நமக்கு 12-க்குக் குறையக் கூடாது. நான் மட்டும் இல்லை. 2019–21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. ரத்தம் இல்லாத உடம்பை வெச்சுக்கிட்டு எந்த ஆசனம் போட்டாலும் மயக்கம்தான் வரும். இரும்புச் சத்து மாத்திரையை அங்கேயே இலவசமாகக் கொடுத்தாங்க.

யோகாவுக்கு வயிறு காலியா இருக்கணும்கிறது சரிதான். வயிறு நிறையச் சாப்பிட்டா மூணு, நாலு மணி நேரம் கழிச்சுத்தான் செய்யணும். முடிச்ச பிறகு அரை மணி நேரமாவது விட்டுச் சாப்பிடணும். ஆனா அந்தக் காலி வயிறு, முந்தின ராத்திரி ஒழுங்காச் சாப்பிட்டு அது செரிச்ச வயிறா இருக்கணும். முந்தின நாளும் காலின்னா அதுக்குப் பேர் பட்டினி. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போடுறவங்க, காலையில ஒண்ணும் சாப்பிடாமச் செய்யலாமான்னு டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வரணும்.

ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள்ள முடிங்கன்னு டீச்சர் சொன்னாங்க. சொல்றது சுலபம். வீட்டுக்காரர் வர்றதே எட்டரை. "பொம்பளை முன்னாடி சாப்பிட்டா வீடு விளங்குமா"ன்னு மாமியார் ஒரு பக்கம். நான் சண்டை போடலை. குழம்பு இறக்கினதும் எனக்குன்னு ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வெச்சேன். எட்டு மணிக்குப் பிள்ளைங்களோட உட்கார்ந்தேன். நாலு நாள் முணுமுணுத்தாங்க. அஞ்சாம் நாள், "எனக்கும் இப்பவே போடு, ராத்திரி லேட்டா தின்னா நெஞ்சு கரிக்குது"ன்னு மாமியாரும் பக்கத்துல வந்து உட்கார்ந்துட்டாங்க. இன்னைக்கும் வாரத்துல ரெண்டு நாள் ஒம்பதரை ஆகத்தான் செய்யுது. ஆனா கிண்ணத்துக் குழம்பு மட்டும் தப்பாது.

இன்னொண்ணும் சொல்லணும். மூணு மாசம் முன்னாடி எங்க குழுக் கூட்டத்துக்கு ஒருத்தர் வந்து, யோகா செய்றவங்களுக்குன்னே தயாரிச்ச சத்துப் பவுடர்னு ஒரு டப்பா காட்டினார். விலை 1,800 ரூபாய். ரெண்டு பேர் உள்கடன் கேட்டே வாங்கத் தயாராயிட்டாங்க. முட்டை ஒண்ணு 6 ரூபாய்னு வெச்சாலும் 300 முட்டை வாங்கலாமேன்னு நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். கடன் பாஸ் ஆகலை. அந்த ரெண்டு பேரும் ஒரு வாரம் என்கிட்ட பேசலை, அது வேற விஷயம்.

முட்டைன்னதும், "யோகாவுக்கு அசைவம் ஆகாதாமே"ன்னு கேட்பீங்க. டீச்சர்கிட்ட ஹட யோகப் பிரதீபிகைன்னு பழைய யோக நூல் ஒண்ணு இருந்தது. அதுல மீனும் கறியும் ஆகாதுன்னு இருக்கிறது உண்மை. கூடவே மோர், கொள்ளு, பூண்டு, பெருங்காயமும் ஆகாதாம். அப்புறம் நாம எப்படி ரசம் வைக்கிறது? அது தனிக் குடிசையில உட்கார்ந்து யோகம் பண்றவருக்கு எழுதினது. களை எடுத்துட்டு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுறவளுக்கு இல்லை. விருப்பம் இருக்கிறவங்க சைவமா இருக்கட்டும். ரத்தம் குறைஞ்சவங்க முட்டையும் மீனும் சாப்பிட்டா நான் தப்பு சொல்ல மாட்டேன். அதே நூல் பாசிப்பயறு, சுக்கு, பால், நெய் எல்லாம் நல்லதுங்குது. வயித்துல கால் பங்கைக் காலியா விடணுங்குது. அதை நான் எடுத்துக்கிட்டேன்.

இப்ப என் சாப்பாடு இதுதான். வகுப்பு முடிஞ்சு வந்து கேழ்வரகுக் கூழ். நூறு கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து இருக்கு; எலும்புக்கு வேற என்ன வேணும்? முளைகட்டின பாசிப்பயறு ஒரு கைப்பிடி. வாரத்துல நாலு நாள் முருங்கைக்கீரை, அதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்குவேன். புளிப்புச் சத்து சேர்ந்தாத்தான் கீரையில இருக்கிற இரும்பு உடம்புல நல்லா ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ குடிச்சா அந்த இரும்பு சேராது, ஒரு மணி நேரமாவது விடணும். இந்த டீயை விடுறதுக்குத்தான் நான் பட்ட பாடு! ஆசனம்கூட அவ்வளவு கஷ்டமில்லை.

போன மாசம் மறுபடி ரத்தம் பார்த்தேன். 10.9. இன்னும் 12 வரலை, மாத்திரையும் நிறுத்தலை. தலைசுத்தல் இல்லை.

அடுத்த புதன்கிழமை நாங்க பதினோரு பேர் சுகாதார நிலையத்துக்கு ரத்தம் பார்க்கப் போறோம். வர்றவங்க சாப்பாட்டுக்கு முன்னாடி செயலாளர் அக்காகிட்ட பேர் கொடுத்துடுங்க. மாமியாரையும் கூட்டிட்டு வரலாம்.