காசில் ஏறிய முகம்



உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில், அம்மாயி துணியில் முடிந்துவைத்த பழைய வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கலாம். விக்டோரியா மகாராணியின் தலையோ, ஜோர்ஜ் மன்னரின் தலையோ அதில் தெரியும். ஆளுகிறவர் முகத்தைக் காசில் அடிக்கிற இந்த வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர்கள் கிரேக்கர்கள்.

முதலில் அவர்களும் தெய்வங்களையே அடித்தார்கள். ஏதென்ஸ் வெள்ளிக்காசின் ஒரு பக்கம் அதீனா, மறுபக்கம் ஆந்தை. மாவீரன் அலெக்சாந்தரும் 17 கிராம் எடையுள்ள தன் பெரிய காசில் சிங்கத்தோல் அணிந்த ஹெராக்ளிசைத்தான் வைத்தார். கிமு 323இல் அவர் இறந்ததும் தளபதிகள் நாட்டைப் பங்குபோட்டார்கள். பிறப்பால் வராத பட்டத்தை மக்கள் ஏற்க வேண்டுமே! லிசிமாக்கஸ், இறந்த அலெக்சாந்தரின் தலையில் ஆட்டுக்கடாக் கொம்பு வைத்துத் தெய்வமாக அடித்தார். எகிப்தை ஆண்ட தாலமி தன் முகத்தையே பதித்தார்.

வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னர் மினாந்தர் தன் காசின் ஒரு பக்கம் கிரேக்கமும் மறுபக்கம் பிராகிருதமும் பொறித்தார். அந்த வழியில் வந்தவை சகர்களின் சிறிய வெள்ளிக்காசுகள். சகர் மன்னன் நகபானனைத் தோற்கடித்த சாதவாகன மன்னர் கௌதமிபுத்திர சாதகர்ணி, அவன் காசுகளின் மேலேயே தன் முத்திரையை அடித்தார். 1906இல் நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 13,000க்கு மேற்பட்ட காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அப்படி மறுபடி அடிக்கப்பட்டவை. சிலவற்றில் புதிய முத்திரைக்கு அடியிலிருந்து நகபானனின் மூக்கும் கன்னமும் இன்னும் எட்டிப்பார்க்கின்றன. பின்வந்த சாதவாகனர் தம் முகம் பொறித்த வெள்ளிக்காசுகளின் ஒரு பக்கம் பிராகிருதமும், மறுபக்கம் தமிழை ஒட்டிய தென்மொழியும் எழுதினார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிவது கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் காசு. தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இத்தகைய சங்ககாலக் காசுகளைத் தேடிச் சேர்த்து வெளியிட்டார். கொங்கு நாட்டில் ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியல் குவியலாகப் புழங்கிய காலம் அது. கிரேக்க வழக்கத்தை ரோமர் எடுத்தார்கள். சேரர் அந்தக் காசுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். பார்த்ததை அப்படியே படியெடுக்கவில்லை. சின்ன வெள்ளித் துண்டில் ஒரு மன்னனின் முகம். தலைக்கு மேலே, சீசரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பழைய தமிழ் எழுத்தான தமிழியில் ‘மாக்கோதை’. இன்னொரு காசில் ‘குட்டுவன் கோதை’. கடல் கடந்து வந்த வணிகனிடம் அந்தக் காசை நீட்டிய தமிழன், தன் அரசனின் பெயரைத் தன் எழுத்திலேயே படித்திருப்பான்.