முதலில் மேடையேறுபவர்கள்

பாடாலூர்ப் பக்கத்து ஊர்களில் திருவிழா என்றால் கரகாட்டம், நாடகம், இல்லாவிட்டால் ஆர்க்கெஸ்ட்ரா. ஆர்க்கெஸ்ட்ராவில் பெரும்பாலும் ஊரே அறிந்த சினிமாப் பாட்டுதான். சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டுப் பாடுகிற இண்டி குழுக்களின் கச்சேரியில் வேறொரு வழக்கம் உண்டு. பெயர்பெற்ற குழு ஏறுமுன், யாரென்றே தெரியாத ஒரு குழு அரை மணி நேரம் பாடும். ஓப்பனிங் பேண்ட் என்பார்கள். அந்த அரை மணியில்தான் கூட்டம் மெய்யாகவே காது கொடுக்கிறது என்பது என் கட்சி. தெரிந்த பாட்டில் பாடகர் சுருதி விலகினாலும் நம் நினைவே அதை ஒட்டுப்போட்டுவிடும். தெரியாத பாட்டில் அந்தச் சலுகை கிடையாது. அடுத்த அடி எங்கே விழும் என்று காத்திருந்தே தீரவேண்டும்.

காசு கொடுத்து வந்தவர் தெரிந்ததைக் கேட்கத்தானே வந்தார் என்று கேட்கலாம். 1967 ஜூலையில் அமெரிக்காவில் நடந்தது அதற்குத் தோதான சாட்சி. மங்கீஸ் என்ற குழுவுக்கு முன்னால் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிடார் வாசித்தார். மங்கீஸைப் பார்க்க வந்த சின்ன வயதுப் பிள்ளைகள் அவர் வாசிக்கும்போதே மங்கீஸைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். சில கச்சேரிகளோடு விலகிக்கொண்டார். ஆனால் அங்கே தவறியது வழக்கமல்ல, பொருத்தம். சென்னை மார்கழி சபாக்களில் இதே ஏற்பாடு பல காலமாக நடக்கிறது. மதியக் கச்சேரி இளையவர்களுக்கு, அதற்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது; மாலை மூத்தவர்களுக்கு. இப்போது மாலைக் கச்சேரி பாடுகிறவர்களில் பலர் மதிய மேடையில் தொடங்கியவர்கள்தான்.

சபா ரசிகர் பயின்ற ரசிகர், பொதுமக்கள் கூட்டம் அப்படிப் பொறுக்குமா? 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. கானா, ராப், ராக், பறை எல்லாம் கலந்த புதிய பாட்டுகள். திறந்த மைதானத்தில் பெருங்கூட்டம். அந்தக் குழுவை உருவாக்கிய திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் பெயருக்காகத்தான் வந்தார்கள் என்று சொன்னால் மறுக்கமாட்டேன். பெயர் மைதானம் வரைக்கும் கூட்டிவரும். அறியாத பாட்டுக்கு ஆளை நிற்கவைப்பது பாட்டின் வேலை. கைப்பேசிச் செயலியே புதுப்பாட்டைக் காட்டுகிறதே என்றால், அது பெரும்பாலும் நாம் ஏற்கெனவே கேட்டதற்கு உறவுக்காரப் பாட்டையே கொண்டுவருகிறது. பிடிக்காவிட்டால் ஒரு விரலில் தள்ளிவிடலாம். எதிரே ஆள் வியர்த்து வாசிக்கும்போது அப்படித் தள்ள மனம் வராது.

எனக்கே தயக்கம் தரும் ஆட்சேபம் ஒன்றுதான்: முதல் குழுவை மலிவாக நடத்துகிறார்கள். ஒலிச் சோதனை பெரும்பாலும் தலைகீழ் வரிசையில் நடக்கும். பெரிய குழு முதலில் வந்து மைக், டிரம்ஸ் எல்லாவற்றையும் நிதானமாகச் சரிபார்க்கும். கடைசியில் வரும் சின்னக் குழுவுக்கு, வாசல் திறப்பதற்குள் மிச்சமிருக்கிற நிமிடங்கள். பாடுகிறவர் குரல் டிரம்ஸுக்கு அடியில் போய்விட்டால் கூட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வாய்ப்பே சம்பளம் என்று கைவிரிப்பதும் நியாயமில்லை. நம் பக்கத்து விழாக் குழுவினர் ஆர்க்கெஸ்ட்ரா பேசும்போதே, சொந்தப் பாட்டு வைத்திருக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முதல் அரை மணியை ஒதுக்கலாம். மைக் செட்காரரிடம் அவர்களுக்கும் தனியாக நேரம் சொல்லி, கையில் ஒரு தொகையும் பேசி முடித்துவிட்டு நோட்டீஸ் அடிக்கட்டும்.