தொட்டி மண்ணுக்கும் காவலாளி வேண்டும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விவசாயப் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. மாடியில் தக்காளியும் கத்தரியும் வளர்ப்பவன் என்ற முறையில்தான் உங்கள் முன் நிற்கிறேன். செடியே வளர்க்காதவர்கள் 'இது நமக்கு எதற்கு' என்று எழுந்து போய்விட வேண்டாம். இந்த விஷயம் நம் எல்லோருடைய கிணற்றுத் தண்ணீரையும் தொடுகிறது.

இந்தப் பருவத்தில் நம் பொது மாடித் தோட்டத்தில் நாற்றுகள் தட்டுத் தட்டாகச் செத்தன. நன்றாக முளைத்து வந்த நாற்றின் தண்டு, மண்ணை ஒட்டிய இடத்தில் நீர் கோத்து மெலிந்து, அப்படியே மடங்கி விழுகிறது. இதற்கு நாற்றழுகல் என்று பெயர். வளர்ந்த செடி வெயிலில் வாடி, மாலையில் நிமிர்ந்து, சில நாளில் நிமிராமலே போனால் அது வாடல் நோயாக இருக்கலாம். பித்தியம், ரைசாக்டோனியா, ஃபியூசேரியம் போன்ற கிருமிகள் மண்ணில் இருந்துகொண்டு செய்யும் வேலை இது. இலையில் மருந்து தெளித்தால் இவை அசையாது.

இதற்குத் தீர்வாக இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. ஒன்று, எல்லாப் பைகளின் மண்ணையும் கொட்டிவிட்டுப் புது மண் வாங்குவது. மற்றொன்று, மாதம் ஒருமுறை ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியைக் கரைத்து ஊற்றுவது.

முதல் யோசனையைப் பார்ப்போம். புது மண் என்பதால் அது சுத்தமான மண் என்று சொல்ல முடியாது. எந்த வயலிலிருந்து அள்ளினார்களோ, அந்த வயலின் நோயும் கூடவே வரும். மண் நோய் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு வாழையே சாட்சி. ஒரு காலத்தில் உலகச் சந்தையில் விற்ற வாழைப்பழம் 'க்ரோ மிஷெல்' என்ற ரகம். ஃபியூசேரியத்தால் வரும் பனாமா வாடல் நோய் மத்திய அமெரிக்கத் தோட்டங்களை அழித்தது. பெரிய பெரிய கம்பெனிகள் புதுப் புதுக் காடுகளை வெட்டி இடம் மாறிப் பார்த்தன. நோயும் கூடவே போனது. கடைசியில் 1960-களில் ரகத்தையே மாற்றி, கேவண்டிஷுக்குப் போய்விட்டார்கள். நம் ஊர் ரஸ்தாளிக்கும் இதே நோய்தான் எமன். அவர்களாலேயே மண்ணை மாற்றித் தப்பிக்க முடியவில்லை என்றால், நாம் லிஃப்டில் மண் மூட்டை ஏற்றி என்ன சாதித்துவிடப் போகிறோம்?

இரண்டாவது யோசனையில்தான் தோட்டம் இல்லாதவர்களும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. மாடியில் விழும் தண்ணீர் எங்கே போகிறது? தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நம் மாடித் தண்ணீரும் குழாய் வழியாக வடிகுழிக்கு இறங்கி, கிணற்றைச் சேர்கிறது. பைகளில் மாதாமாதம் ஊற்றும் மருந்தில் வழிவதும் அதே வழியில்தான் போகும். அது மட்டுமல்ல, அந்த மருந்தைக் கலக்கி ஊற்றப் போவது நாம் அல்ல, நம் தோட்ட வேலை செய்யும் அம்மா. வெறுங்கையோடு அவர் வாளியில் கலக்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. மண்ணில் கெட்ட கிருமி இருப்பதுபோல் அதை அடக்கும் நல்ல நுண்ணுயிரும் உண்டு. ட்ரைக்கோடெர்மா என்பது ஒரு பச்சை நிறப் பூஞ்சை. அது ரைசாக்டோனியாவைச் சுற்றி வளைத்து அழிப்பதை வெயிண்ட்லிங் என்ற விஞ்ஞானி 1932-லேயே எழுதி வைத்தார். நோய்ப் பூஞ்சையின் இழையைக் கொடிபோல் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உள்ளிருப்பதைத் தின்றுவிடும். மற்றொன்று சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற பாக்டீரியா. இது வேரைச் சுற்றிக் குடியேறி, அங்குள்ள இரும்புச் சத்தைத் தன் வசம் இழுத்துக்கொள்ளும். இரும்பு கிடைக்காத நோய்க்கிருமி பெருக முடியாது. போதாததற்குச் செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பிவிடும்.

நம் வாசலில் காவலாளி இருப்பது திருடன் வந்த பிறகு ஓடிப் பிடிப்பதற்கு மட்டுமா? அவர் உட்கார்ந்திருப்பதே பாதிப் பாதுகாப்பு. இந்த நுண்ணுயிர்களும் அப்படித்தான். வேர் ஓரத்தில் இவை முதலில் இடம் பிடித்துவிட்டால், கெட்டதற்கு இடமும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஆகையால் நோய் வரும் முன்பே போட வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் செடியை இது பிழைக்க வைக்காது.

எப்படிப் போடுவது? கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி, விதை நேர்த்திக்கு 1 கிலோ விதைக்கு ட்ரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். நம் கையளவு விதைக்கு ஒரு சிட்டிகை போதும். நிலத்தில் இடுவதற்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோ ட்ரைக்கோடெர்மாவை 50 கிலோ தொழு உரத்தில் கலக்கச் சொல்கிறார்கள். வங்கிக்காரன் புத்தி, உடனே வகுத்துப் பார்த்தேன். 1 கிலோ உரத்துக்கு 50 கிராம். 2 கிலோ மக்கிய உரத்தில் 100 கிராம் கலந்தால், பைக்கு ஒரு கைப்பிடி வீதம் சுமார் 20 பைகளுக்கு வரும். கலந்த உரத்தை லேசாக ஈரமாக்கி, நிழலில் சாக்குப் போட்டு மூடி, இரண்டு வாரம் வைத்திருந்து போட்டால் பூஞ்சை பெருகி இன்னும் நல்ல பலன் தரும். நாற்றைப் பிடுங்கி நடும்போது, லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்த தண்ணீரில் வேரை அரை மணி நேரம் நனைத்து நடலாம்.

சில எச்சரிக்கைகள். இது உயிருள்ள சரக்கு. பொட்டலத்தில் தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பதிவு எண் மூன்றையும் பார்த்து வாங்குங்கள். வெயிலில் வைக்காதீர்கள். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு சேர்த்துப் போடாதீர்கள்; காசு கொடுத்து வாங்கிய காவலாளியை நாமே கொன்றதாகிவிடும். குளோரின் கலந்த தண்ணீரானால் ஓர் இரவு வாளியில் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். தூளைக் கையாளும்போது மூக்கைத் துணியால் மூடி, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் அந்தத் தூளிலிருந்து விலகி இருப்பது நல்லது. வீட்டில் சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் ட்ரைக்கோடெர்மாவை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள், காளானும் பூஞ்சைதானே!

இது சர்வரோக நிவாரணியும் அல்ல. பையின் அடியில் ஓட்டை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் எந்த நுண்ணுயிரும் காப்பாற்றாது. ஒரே பையில் தக்காளிக்குப் பின் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று அதே குடும்பத்தையே வைத்தாலும் நோய் திரும்பும். நடுவில் ஒரு முறை கீரையோ கொத்தவரையோ போடுங்கள். வாடிய செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். நம் உரக் குழியில் போட வேண்டாம்.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் மூன்று. புது மண்ணுக்கான செலவை நிறுத்தி வையுங்கள். மாடியில் பூஞ்சாணக்கொல்லி ஊற்றும் திட்டத்தைக் கைவிடுங்கள். அடுத்த பருவத்தில் பாதிப் பைகளுக்கு மட்டும் நுண்ணுயிர் கலந்த உரம் போட்டு, மீதியை அப்படியே விட்டு, இரண்டிலும் எத்தனை நாற்று பிழைத்தது என்று எண்ணி நோட்டில் எழுதுவோம். எண்ணுகிற பொறுப்பை நான் ஏற்கிறேன். தோட்டம் பிடிக்காத யாராவது ஒருவர் கூட வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் நல்லது. கணக்கை அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம். பார்த்துவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.