மார்பகப் படமும் கணினியின் கண்ணும்



புற்றுநோயைக் கணினியே கண்டுபிடித்துவிடும், இனி மருத்துவர் வேண்டியதில்லை என்ற பேச்சு இப்போது பரவலாகக் காதில் விழுகிறது. அதில் உண்மை எவ்வளவு என்பதைப் பார்க்கவே இன்று நாம் இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு பழைய செய்தி. மார்பக எக்ஸ்ரே படமாகிய மேமோகிராமில் ஐயத்திற்குரிய இடங்களைக் குறித்துக் காட்டும் கணினிக் கருவிக்கு அமெரிக்க அரசு 1998-லேயே ஒப்புதல் அளித்தது. விரைவில் அது பல மருத்துவமனைகளில் இடம்பிடித்தது. ஆனால் 2007-இல் வெளியான பெரிய ஆய்வு வேறு கதை சொன்னது. கருவி வந்த இடங்களில் நோயற்ற பெண்கள் பலர் வீணாக மறுபரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். நோய் கண்டறிதலோ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. வாங்கி வைத்த பிறகு சோதித்துப் பார்த்ததன் விளைவு அது என்பதே நம் கருத்து.

இன்றைய முறை வேறு. நோய் உண்டு, இல்லை என உறுதி செய்யப்பட்ட ஏராளமான படங்களைக் கணினிக்குக் காட்டுகிறார்கள். வேறுபாட்டை அதுவே கற்றுக்கொள்கிறது. இதற்கு இயந்திரக் கற்றல் என்று பெயர்.

இதனைச் சுவீடன் நாட்டினர் முறையாகச் சோதித்தனர். அங்கே ஒவ்வொரு படத்தையும் இரு மருத்துவர்கள் பார்ப்பது வழக்கம். 2021, 2022 ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில் பழைய வழக்கமே தொடர்ந்தது. மற்றதில் கணினி ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டது. 10 பெற்றவற்றை இருவரும், ஏனையவற்றை ஒருவரும் பார்த்தனர். மருத்துவர் பாராத படம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பழைய முறையில் 262 பேருக்கும், கணினித் துணையுடன் 338 பேருக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருத்துவர்கள் படம் பார்க்கும் வேலை 44 விழுக்காடு குறைந்தது. வீண் அழைப்புகளும் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

எனினும் அந்த ஆய்வில் பெண்களின் இன விவரம் பதிவாகவில்லை. ஆகவே நம் நாட்டுப் பெண்களின் படங்களில் சோதிக்காமல் அதே பலனை எதிர்பார்ப்பதற்கில்லை. ஸ்கேன் நிலையத்தார் கணினியைக் காட்டிப் பெருமை பேசினால், படத்தைப் பார்த்துக் கையொப்பமிட்ட மருத்துவர் யார் என்று தயங்காமல் கேளுங்கள்.

மற்றொன்று. சுவீடனில் 40 முதல் 74 வயது வரையுள்ள பெண்களுக்குப் பரிசோதனைக்கான அழைப்பு வீடு தேடி வருகிறது. நமக்கு அப்படி வருவதில்லை. கூச்சத்தால் கட்டியை மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் தாய்மார்கள் நம் மஹல்லாவிலும் இருக்கக்கூடும். வீட்டு ஆண்கள்தாம் முதலில் பேச்சை எடுக்க வேண்டும். படம் எடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.