வலியை மறைக்காதே, தம்பி!



விளையாட்டாளர் தம்மைத் தாமே நிர்வகிக்கும் திறன்களில் முதலிடம் எதற்கு? நேரக் கட்டுப்பாடு என்றார் ஒருவர். தன்னம்பிக்கை என்றார் இன்னொருவர்.

நேரம் பெரிதுதான். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர் டாக்டர் மணி ஜெகதீசன். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. ஆனால், பகாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துப் பையனின் நேரம் அவன் கையிலா இருக்கிறது? பேருந்து போய்விட்டால் பயிற்சி முடிந்து வீடு திரும்ப வழியில்லை. தன்னம்பிக்கையோ நம் பிள்ளைகளிடம் நிறையவே உண்டு. சில நேரம் அதுதான் ஆபத்து!

நான் முதலிடம் கொடுப்பது, தன் உடலைத் தானே கணிக்கும் திறனுக்கு.

நெகிரி செம்பிலான் தோட்டப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் ஓட்டப் பயிற்சி கொடுத்தவன் நான். ஒரு பையன், அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டுபவர்கள். கெண்டைக்கால் வலியை இரண்டு வாரம் என்னிடம் மறைத்தான். சொன்னால் மாவட்டப் போட்டிக்குப் பெயர் போகாது என்ற பயம். போட்டியன்று பாதி ஓட்டத்தில் உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு முழுவதும் அவன் ஓடவில்லை. தவறு அவனுடையது மட்டுமல்ல. 'வலிக்கிறது' என்று சொன்னவனைச் சோம்பேறி என்று திட்டியவன் நான்.

1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றாரே, நினைவிருக்கிறதா? நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்தார். அந்தப் போட்டியில் ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். அவசரப்பட்டு ஓடினால் நடுவர்கள் வெளியேற்றிவிடுவார்கள். உடம்பில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடத் தெரியாதவர் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது.

இது நம் பெற்றோருக்குப் புரியாததல்ல. கத்தி ஆழமாக இறங்கினால் இன்று பால் கூடலாம். மரத்தில் காயம் பட்டால் புதுப்பட்டை சரியாக வளராது. மரத்துக்குப் பார்க்கிற பக்குவத்தைப் பிள்ளையின் காலுக்கும் பார்க்கக் கூடாதா?

அதன்பிறகு என் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, தூங்கிய நேரம், எங்கே வலி என்று மூன்றே வரி. துடிப்பு வழக்கத்தைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால் அன்றைக்கு மெதுவோட்டம்தான். முதல் மாதம் எல்லாரும் 'வலி இல்லை' என்றே எழுதினார்கள். இரண்டாம் மாதம்தான் ஒரு பெண்பிள்ளை 'இடது முட்டி, சார்' என்று எழுதிக் கொண்டுவந்தாள். அன்று அவளை நான் திட்டவில்லை.