முதல்ல ஸ்பீக்கர், அப்புறம்தான் பெட்டி: பேஸ் கிட்டார் கேபினெட் நாமே செய்வது

இன்னைக்கு எபிசோட்ல கோடு கிடையாது, சர்வர் கிடையாது. மரம், பசை, ஸ்பீக்கர். பேஸ் கிட்டாருக்கு ஒரு கேபினெட் நாமே செய்றது எப்படின்னு பேசப் போறோம். இதுவரைக்கும் ஒரு ஸ்டூல் கூட செஞ்சதில்லைன்னாலும் பரவாயில்ல, உங்களுக்காகத்தான் இது.

முதல் கேள்வி, ஏன் செய்யணும்? பணம் மிச்சம்னு நினைச்சு இறங்காதீங்க. நல்ல ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கினாலே பட்ஜெட்ல பாதிக்கு மேல போயிடும். உண்மையான காரணம் வேற. இன்னைக்கு 300 வாட், 500 வாட் பேஸ் ஆம்ப் ஹெட் எல்லாம் கிளாஸ்-டி புண்ணியத்துல லேப்டாப் பையில அடங்குற சைஸுக்கு வந்துடுச்சு. ஆனா அதுக்குப் பக்கத்துல வைக்கிற பெட்டி சின்னதாகல. அதுக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் காத்து. வெளிநாட்டுல இருந்து ஒரு கேபினெட் வரவழைச்சா அந்தக் காத்துக்கும் சேர்த்துத்தான் நாம கப்பல் கூலி கட்டுறோம். வெறும் ஸ்பீக்கர்னா ஒரு சின்ன அட்டைப்பெட்டி. பிளைவுட் நம்ம தெருவுலயே கிடைக்குது. அப்ப பெட்டியை இங்கேயே செய்றதுல ஒரு நியாயம் இருக்கு.

சரி, ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் எங்க ஆரம்பிக்கிறாங்கன்னா, பெட்டியில. யாரோ போட்ட ஒரு வரைபடத்தை இறக்கி, ஆசாரிகிட்ட கொடுத்து, பெட்டி வந்ததுக்கு அப்புறம் "இதுக்கு ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர் கொடுங்க"ன்னு ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் நிக்கிறாங்க. இது தலைகீழ். பெட்டி என்பது ஸ்பீக்கருக்குப் போடுற சட்டை மட்டும் இல்ல, அது ஸ்பீக்கரோட இயந்திரத்துல ஒரு பாகம். உள்ளே அடைபட்டிருக்கிற காத்து ஒரு ஸ்பிரிங் மாதிரி கோனைத் தள்ளும், இழுக்கும். பெட்டி சின்னதானா ஸ்பிரிங் இறுகும், 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு மேடு வந்து எல்லா நோட்டும் "பூம் பூம்"னு ஒரே மாதிரி கேக்கும். ஸ்பிரிங் எவ்வளவு இறுகலாம்ங்கிறதை ஸ்பீக்கர்தான் சொல்லணும்.

அதைச் சொல்ற மொழியைக் கொடுத்தவங்க ரெண்டு பேர். நெவில் தீல்னு ஒரு ஆஸ்திரேலிய இன்ஜினியர் 1961-ல ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பீக்கரையும் பெட்டியையும் சேர்த்து ஒரு மின்சார ஃபில்டர் மாதிரி கணக்குப் போடலாம்னு காட்டினார். சிட்னி பல்கலைக்கழகத்துல இருந்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்துல அதை விரிவாக்கினார். அதனாலதான் தீல்-ஸ்மால் பாராமீட்டர்னு பேரு. அதுக்கு முன்னாடி நிறைய பேர் செஞ்சு பாரு, கேட்டுப் பாரு, மறுபடி வெட்டுன்னுதான் ஓட்டினாங்க. நம்ம ஊர்ல இன்னமும் சில பேர் அப்படித்தான்!

டேட்டாஷீட்ல ஒரு முப்பது வரி இருக்கும். பயப்பட வேண்டாம், பெட்டிக்கு மூணு போதும். எஃப்-எஸ்: ஸ்பீக்கரைச் சும்மா தொங்கவிட்டா அது இயல்பா அதிர விரும்பும் ஹெர்ட்ஸ். க்யூ-டி-எஸ்: அந்த அதிர்வுக்கு எவ்வளவு பிரேக் இருக்குன்னு சொல்ற எண். எண் குறைஞ்சா பிரேக் ஸ்ட்ராங். வி-ஏ-எஸ்: கோனோட தொங்கலுக்குச் சமமான ஸ்பிரிங் தன்மை உள்ள காத்தோட அளவு, லிட்டர்ல. டேட்டாஷீட்டே இல்லாத ஸ்பீக்கரை எவ்வளவு சல்லிசா கொடுத்தாலும் வாங்காதீங்க. இது என் கறாரான கருத்து. டாக்குமென்டேஷன் இல்லாத லைப்ரரியை ப்ரொடக்ஷன்ல போடுற மாதிரி அது.

இங்கதான் கார் சப்வூஃபர் ஆசை வரும். எளிதா கிடைக்கும், மேல "1000 வாட்ஸ்"னு மின்னல் படம் போட்டிருக்கும், "பேஸ்"னும் எழுதியிருக்கும். வேண்டாம். கார் சப் கனமான கோன் வெச்சு, சின்ன பெட்டியில, ரொம்ப கீழ இறங்குறதுக்காகச் செஞ்சது. அதுக்கு விலையா சென்சிட்டிவிட்டியைக் கொடுத்துடும். பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் 97 டெசிபல், கார் சப் 87 டெசிபல்னு வெச்சுக்கோங்க. வித்தியாசம் 10 டெசிபல், அதாவது 10 மடங்கு பவர். ஒண்ணுல 30 வாட்ல வர்ற சத்தத்துக்கு இன்னொண்ணுல 300 வாட் வேணும். அதை விட முக்கியம், விரல் கம்பியைத் தொடுற சத்தம், நோட்டோட முகம், எல்லாம் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகுது. சப் அங்க ஊமை. டிரம்மர் பக்கத்துல நின்னு வாசிக்கும்போது தரை அதிரும், ஆனா நீங்க என்ன வாசிச்சீங்கன்னு உங்களுக்கே தெரியாது.

அடுத்து, "எவ்வளவு கீழ போகணும்?" நாலு கம்பி பேஸ்ல தடிச்ச ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அப்ப பெட்டி 41-ஐ முழுசா கொடுக்கணுமா? இல்ல. 1969-ல வந்த ஆம்பெக் எஸ்விடி ஆம்போட நிக்கிற அந்த எட்டு 10-இன்ச் ஸ்பீக்கர் பெட்டியைப் பாருங்க. ஃபிரிட்ஜ்னே அதுக்குப் பேரு. துளை இல்லாத, மூடின பெட்டி. அது 58 ஹெர்ட்ஸ் பக்கத்துலயே 3 டெசிபல் இறங்கிடுது. ஆனா அதைக் கேட்டு யாரும் "பேஸ் பத்தல"ன்னு சொன்னதில்ல. ஈ கம்பியோட சத்தத்துல 82 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக் பெரும்பாலும் அடிப்படையை விடவே பலமா இருக்கும். ஹார்மோனிக் ஒழுங்கா வந்தா விட்டுப்போன அடிப்படையை மூளையே நிரப்பிக்கும்.

இன்னும் கீழ துரத்தினா? ஹாஃப்மேன்னு ஒரு ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் பேர்ல ஒரு 'இரும்பு விதி' இருக்கு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், நல்ல சென்சிட்டிவிட்டி. மூணுல ரெண்டுதான் உனக்கு. நம்ம ஃபீல்டுல வேகம், தரம், விலைன்னு சொல்றோமே, அதேதான். நான் எடுக்கிறது நடுத்தரமான பெட்டி, 45 ஹெர்ட்ஸ், நல்ல சென்சிட்டிவிட்டி. ரூம்ல, சின்ன ஹால்ல அதுவே தாராளம்.

இப்ப ஒரு உதாரணக் கணக்கு. எஃப்-எஸ் 45, க்யூ-டி-எஸ் 0.38, வி-ஏ-எஸ் 60 லிட்டர்னு ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர். இதை வின்-ஐஎஸ்டிங்கிற இலவச சாஃப்ட்வேர்ல போட்டுப் பாருங்க. 56 லிட்டர் பெட்டி, 45 ஹெர்ட்ஸ்ல ட்யூன் பண்ணின துளைன்னு வெச்சா, கோடு மேடு பள்ளம் இல்லாம 45 வரைக்கும் வந்து அங்க 3 டெசிபல் இறங்கும். ஸ்பீக்கரும் பைப்பும் உள்ளே சுமார் 3.5 லிட்டர் அடைச்சுக்கும். அதனால உள் அளவு 36 × 46 × 36 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 59.6 லிட்டர். துளைக்கு 110 மிமீ பிவிசி பைப், பிளம்பிங் கடையில வாங்குறதுதான். உள்விட்டம் 10 செமீ இருந்தா நீளம் சுமார் 13 செமீ வரும். ஆனா 15 செமீயா வெட்டுங்க. ஏன்னு கடைசில சொல்றேன்.

மரத்துக்கு வருவோம். 18 மிமீ பிளைவுட், பிடபிள்யூஆர் கிரேடு. எம்டிஎஃப் வேண்டாம். வீட்டு ஹைஃபைக்கு அது சரி, ஆனா ஆட்டோல ஏத்தி இறக்குற பெட்டிக்கு மூலை பொடிஞ்சு போகும், எடையும் கூட. பக்கப் பலகை ரெண்டு 49.6 × 39.6, மேல் கீழ் ரெண்டு 36 × 39.6, முன் பின் ரெண்டு 36 × 46. எட்டுக்கு நாலு ஷீட்ல மூணுல ஒரு பங்குதான். வெட்டுறதை கடை மெஷின்லயே வெட்டி வாங்குங்க, கைரம்பத்துல நேர்கோடு வராது. ஒரு சூட்சுமம்: 18 மிமீன்னு விக்கிற பலகை அளந்தா 17 சொச்சம்தான் வரும். முதல்ல பலகையை அளந்துட்டு, அப்புறம் இந்த அளவுகளைத் திருத்திக்கோங்க. "ஒரு மில்லிமீட்டர்தானே சார், ஃபெவிகால் பாத்துக்கும்"னு அண்ணன் சொல்வார். மேஜைன்னா பாத்துக்கும். இங்க அந்த ஒரு மில்லிமீட்டர் இடுக்கு வழியா காத்து விசில் அடிக்கும்.

உண்மையில தொடக்கக்காரர் பெட்டி கெடுறது கணக்குல இல்ல, கசிவுலதான். அதனால பின்பலகையைக் கழட்டி மாட்டுற மாதிரி வைக்காதீங்க, ஆறு பக்கமும் நிரந்தரமா ஒட்டுங்க. ஸ்பீக்கர் ஓட்டை வழியாவே கைவிட்டு வேலை பாக்கலாம். உள் மூலை நாலுலயும் ரீப்பர் கட்டை ஒட்டினா பசைக்குப் பரப்பு கிடைக்கும், இடுக்கும் அடையும். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவுல ஒரு கட்டை முட்டுக் கொடுங்க, பெட்டி தன் பங்குக்குப் பாடாம இருக்கும். சிலிகான் வெச்சு அடைச்சா, அந்த வினிகர் நெடி முழுசா போற வரைக்கும் ஸ்பீக்கரை மாட்டாதீங்க. அந்த ஆவி ஸ்பீக்கருக்கு நல்லதில்ல. ஸ்பீக்கர் ஓட்டையோட விட்டம் டேட்டாஷீட்ல இருக்கும், ஊகிக்காதீங்க. 12 இன்ச் ஃப்ரேம் 31 செமீ, பைப் 11. முன்பலகை உயரம் 46-ல அடங்கும், ஆனா டைட். பைப்பை மூலைக்குத் தள்ளினா கொஞ்சம் மூச்சு விடலாம். வெளியில ரெக்சின் போடுறது, பெயின்ட் அடிக்கிறது எல்லாம் உங்க ரசனை.

வயரிங்ல ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அதுல ஆம்ப்போட உயிர் இருக்கு. 8 ஓம் ஸ்பீக்கர் வாங்குங்க. ஆம்ப் பின்னாடி "குறைந்தபட்சம் 4 ஓம்"னு இருந்தா, நாளைக்கு இதே மாதிரி இன்னொரு 8 ஓம் பெட்டியைப் பக்கத்துல சேர்க்கலாம், ரெண்டும் சேர்ந்து 4 ஆகும். முதல் பெட்டியே 4 ஓம்னா, ரெண்டாவது சேர்ந்ததும் 2 ஓம், ஆம்ப் சூடாகி ஒண்ணு அணைஞ்சு தப்பிக்கும், இல்ல போயே போயிடும். கனெக்டர் ஸ்பீக்கான் போடுங்க. கிட்டார் கேபிளைத் தப்பித்தவறி யாரும் அதுல சொருக முடியாது. பிளஸ் மைனஸ் குழப்பமா இருந்தா 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்க. கோன் முன்னாடி வந்தா, பேட்டரியோட பிளஸ் தொட்டதுதான் பிளஸ்.

இப்ப அந்த 15 செமீ பைப். இன்னும் ஒட்டாம, இறுக்கமா சொருகி மட்டும் வைங்க. பெட்டியை மல்லாக்கப் படுக்க வெச்சு, போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப்பை ஆம்ப்ல சேர்த்து, சத்தம் கம்மியா வெச்சு, கோன் மேல நாலு அரிசி போடுங்க. 70 ஹெர்ட்ஸ்ல இருந்து மெதுவா இறங்குங்க. அரிசி குதிக்கும், குதிக்கும், ஒரு இடத்துல அடங்கிடும். அப்ப பைப் வாயில கை வெச்சா காத்து அடிக்கும். கோன் சும்மா நிக்க, பைப் வேலை பாக்குற அந்த ஹெர்ட்ஸ்தான் உங்க ட்யூனிங். 43 பக்கம் வரும். பைப்பைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டினா மேல ஏறும், 45 வந்ததும் ஒட்டிடுங்க. அதே டோன் ஓடும்போது ஒரு ஊதுபத்தியை மூட்டுகள் ஓரமா கொண்டு போங்க. புகை எங்க நடுங்குதோ அங்க கசிவு.

ட்யூனிங்குக்குக் கீழ போனா அரிசி மறுபடி குதிக்குமே, அது இன்னொரு விஷயத்தைக் காட்டுது. அந்தப் பக்கம் பெட்டியோட ஸ்பிரிங் கோனைப் பிடிக்காது. அஞ்சு கம்பி பேஸ் வெச்சிருக்கிறவங்களோட பி கம்பி 31 ஹெர்ட்ஸ், அங்க கோன் கன்னாபின்னான்னு ஓடும், வாட் கணக்குக்குள்ள இருந்தாலும் ஸ்பீக்கர் கிழியலாம். அவங்களுக்கு ஹை-பாஸ் ஃபில்டர் வேணும். அதை ஒரு சின்ன பெடலா எப்படிச் செய்றதுன்னு அடுத்த எபிசோட்ல.