பெஞ்சு இருக்கட்டும்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில், காலை நடைக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

வராதவர்கள் இதைக் காலாண்டிதழில் படிப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருப்பது இது: "பம்ப் அறை அருகில் உள்ள இரண்டு சிமென்ட் பெஞ்சுகளை அகற்றி, மின்சார வாகனங்களுக்கான சார்ஜிங் இடம் அமைத்தல்." எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் யாருக்கும் பத்து நிமிடத்தில் பேச்சை முடித்துப் பழக்கம் இல்லை. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த வேப்பமரத்தடி பெஞ்சில் காலை ஆறரையிலிருந்து ஏழே கால் வரை ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "பெரிசுங்க அரட்டை" என்று உங்கள் பிள்ளைகள் சொல்வதும் எங்கள் காதில் விழுந்திருக்கிறது. அரட்டைதான், மறுக்கவில்லை. கிரிக்கெட், தங்கம் விலை, மெட்ரோ எப்போது நம் பக்கம் வரும், டாக்டர் ஃபீஸ், மின் கட்டணம் என்று எல்லாம் அதில் உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டை ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விகிதம் போய்விடும் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அந்த பெஞ்சில்தான் தெரிந்தது. அட்டையை எடுத்துவந்து கணக்குப் போட்டுக் காட்டினார் சி பிளாக் வங்கிக்காரர்.

நம் ஊரில் செய்தி என்பது தனியாகப் படிக்கிற பொருளாக இருந்ததே இல்லை. தினத்தந்தி 1942-இல் மதுரையில் தொடங்கிய பிறகு, படிக்கத் தெரிந்த ஒருவர் டீக்கடையில் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு அங்கேயே சண்டையும் போட்டுக்கொண்டார்கள். ஒரு பேப்பரைப் பிரித்து நான்கு பேர் நான்கு பக்கமாகப் படித்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முடிதிருத்தும் கடையில் "இங்கு அரசியல் பேசாதீர்" என்று போர்டு தொங்கும், அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அரசியல் பேசுவார்கள். கடைக்காரரும் கத்தரியை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை சேர்த்துவிட்டுப் போவார்.

இப்போது செய்தி நம் கைக்கே வந்துவிடுகிறது. நம் வளாகத்து வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. அப்புறம் பெஞ்சு எதற்கு என்று போன கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

எங்கள் பெஞ்சில் ஒரு விதி உண்டு. செய்தி கொண்டு வருபவர் அதை எங்கே பார்த்தார் என்று முதலில் சொல்ல வேண்டும். "பேப்பரா, டிவியா, மச்சானா?" என்று கேட்போம். 'மச்சான்' என்பது ஒரு வகைப்பாடு. "என் மச்சானுக்குத் தெரிஞ்சவர் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கார்" என்று தொடங்கும் எல்லாச் செய்தியும் அதில் அடக்கம். கையில் வரும் செய்தியைத் தள்ளிவிட ஒரு விரல் போதும். வாயால் சொல்ல வேண்டும் என்றால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும், அவர் புருவத்தைத் தூக்குவார். அந்தப் புருவத்துக்கு இணையான ஒன்று கைபேசியில் கிடையாது. 2018-இல் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியால் நாடெங்கும் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு வந்தது அது. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவும் அப்படித்தான் செத்துப்போனார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத வேறு சம்பவங்களின் படங்கள் அவை. பொய் என்று நம் காவல்துறை சொன்னது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரம் நம் குழுவிலும் அந்த வீடியோ வந்தது, அதற்குக் கீழே இருபது கருத்துகள். அதே நேரத்தில் கேட்டில் இரவுப் பணி முடித்து நின்றிருந்த நம் செக்யூரிட்டி பையன் பீகார்க்காரன். அவனை யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற நம் சார்தான் அவனை பெஞ்சுக்குக் கூப்பிட்டு, "என்னப்பா, வீட்டுல என்ன சொல்றாங்க?" என்று இந்தியில் கேட்டார். அவன் அம்மா மூன்று நாளாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாராம், அன்று மாலை ரயிலுக்கு அவன் பையைக் கட்டி வைத்திருந்தான். சார் வீடியோ கால் போடச் சொல்லி அந்த அம்மாவிடம் பேசினார். வேப்பமரத்தைக் காட்டினார், எங்களை ஒவ்வொருவராகக் காட்டினார், என் தொப்பியைக் கூடக் காட்டினார். பையன் ஊருக்குப் போகவில்லை. இன்றும் நம் கேட்டில் அவன்தான் இருக்கிறான்.

அடுத்து, நம் பி பிளாக் டீச்சரம்மா. இதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, மும்பை போலீஸ் பேசுகிறோம் என்று அவருக்கு ஒரு அழைப்பு. வீடியோவில் சீருடை, பின்னால் கொடி, மேஜை எல்லாம் இருந்ததாம். "நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கதவைத் தாழிடுங்கள், யாரிடமும் சொன்னால் அவர்களும் சிக்குவார்கள்" என்றிருக்கிறார்கள். அந்த மோசடியின் அச்சாணியே 'யாரிடமும் சொல்லாதே' என்பதுதான். ஒருவரைத் தனியாகப் பூட்டி வைத்தால்தான் அது வேலை செய்யும். அதற்கு முந்தின வாரம்தான் பெஞ்சில் இந்தப் பேச்சு ஓடியது. பிரதமரே 2024 அக்டோபரில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் இதைப் பற்றி எச்சரித்திருந்தார். டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது என்று வங்கிக்காரர் மூன்று தடவை சொல்லியிருந்தார். அவர் எதையும் மூன்று தடவை சொல்வார், அன்றைக்கு அது பயன்பட்டது. டீச்சரம்மா போனை மேஜை மேல் வைத்துவிட்டுச் செருப்பு கூடப் போடாமல் கீழே இறங்கி வந்துவிட்டார். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. எண்ணை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள்.

டீச்சரம்மா வருவதற்கு முன்பு அது ஆண்கள் பெஞ்சு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரும் அவருடைய தோழிகள் இருவரும் வந்த பிறகுதான் பேச்சு டெல்லியிலிருந்து இறங்கி நம் படிக்கட்டுக்கு வந்தது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் ஏன் ஒரே ஒரு லிஃப்டை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று அவர் கேட்டதிலிருந்து இரண்டு பேருக்கு இன்னும் பேச்சுவார்த்தை சரியில்லை. அது நடந்துகொண்டிருக்கிறது, இங்கே இழுக்க மாட்டேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கழிவுநீர்த் தொட்டி விஷயம்.

ஒருநாள் பேப்பரில் வழக்கமான செய்தி. ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி மயங்கி விழுந்தார், காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார். வழக்கமான செய்தி என்று சொல்லும்படி ஆகிவிட்டது, அதுதான் கொடுமை. பெஞ்சில் ஒருவர், "அவங்களே ஒத்துக்கிட்டுத்தானே இறங்குறாங்க? காசு வாங்குறாங்கல்ல?" என்றார். டீச்சரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தம் ஏ பிளாக் வரைக்கும் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ரயில்வே சார் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம எஸ்.டி.பி.ல யார் இறங்குறாங்க?"

எல்லோரும் அடங்கிவிட்டார்கள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்தத் தொட்டி பெஞ்சிலிருந்து முப்பது அடி தூரத்தில் இருக்கிறது.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் சம்மதித்தார், கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் செல்லாது. உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அழுகிய முட்டை போல நாறும். ஆனால் அளவு கூடும்போது மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். மேலே நிற்பவருக்கு அவர் சரிவது மட்டும் தெரியும், பதறிப்போய் அவரும் இறங்குவார். அதனால்தான் செய்திகளில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர்.

அன்றே நான்கு பேர் பிளம்பரையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் தேடிப் போனோம். அப்போது இருந்த ஒப்பந்ததாரரின் தாளில் 'வருடாந்திரச் சுத்தம்' என்று இரண்டு வார்த்தை இருந்தது. எப்படி, எதனால், யார் என்று எதுவும் இல்லை. முந்தின வருடம் இரண்டு பையன்கள் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார்கள் என்று பிளம்பர் சொன்னார். "ஒண்ணும் ஆகல சார்" என்றும் சொன்னார்.

இந்தக் கமிட்டியைப் பாராட்ட வேண்டும். இரண்டே வாரத்தில் ஒப்பந்தத்தை மாற்றினார்கள். எக்காரணத்தைக் கொண்டும் ஆள் இறங்கக் கூடாது, உறிஞ்சும் லாரியும் இயந்திரமும் மட்டும்தான், மூடியைத் திறக்கும்போது சங்கத்தின் ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தில் வீட்டுக்கு மாதம் 35 ரூபாய் கூடியபோது குழுவில் கேள்வி கேட்டீர்கள் அல்லவா, அந்த 35 ரூபாய் இதுதான். "ஒத்துக்கிட்டுத்தானே இறங்குறாங்க" என்று அன்றைக்குச் சொன்னவர்தான் இன்று ஒவ்வொரு தடவையும் மூடி திறக்கும்போது குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

இத்தனை வருடப் பேச்சில் எங்களில் ஒருவர் கூடக் கட்சி மாறியதில்லை. தேர்தல் முடிவு வந்தால் தோற்ற பக்கம் காபி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெஞ்சில் அதிகம் மோதிக்கொள்ளும் இரண்டு பேரில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தபோது, அவர் மனைவி முதலில் கூப்பிட்டது மற்றவரைத்தான். அவர் ஆறரைக்கு எங்கே இருப்பார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும்.

இனி புகார்களுக்கு வருகிறேன். காலையில் சத்தம், பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று ஏ பிளாக்கில் சொல்லியிருக்கிறார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, பொதுத்தேர்வு முடியும் வரைக்கும், நாங்கள் சறுக்குமரப் பக்கம் போய்விடுகிறோம். ரயில்வே சாரின் குரலுக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

சார்ஜிங் இடம் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. நம் வளாகத்தில் இப்போதே 11 மின்சார ஸ்கூட்டர்களும் 4 கார்களும் இருக்கின்றன. மூன்றாம் மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுவதைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பம்ப் அறைப் பக்கம்தான் வேண்டுமா? ஜெனரேட்டர் ஷெட்டுக்கு மேற்கே ஒரு இடம் இருக்கிறது. உடைந்த சோபா, ஓடாத சைக்கிள், யாரும் உரிமை கோராத ஒரு வாஷிங் மெஷின் எல்லாம் கிடக்கின்றன. மின் மீட்டர் அறை அங்கிருந்து பத்தடிதான், பம்ப் அறைக்கு என்றால் வளாகத்தைச் சுற்றிக் கேபிள் இழுக்க வேண்டும், செலவும் கூடும். தண்ணீர் தெறிக்கிற மோட்டார்களுக்குப் பக்கத்தில் சார்ஜர் வைப்பது சரியா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இருந்தால் போதும். ஷெட்டுக்கு மேற்கே அப்படி மூன்று கார்களுக்கு இடம் தேறும் என்பது என் கணக்கு. வங்கிக்காரர் இரண்டுதான் தேறும் என்கிறார். அளவு டேப் கொண்டு வந்திருக்கிறேன். ஏழாவது பொருளை ஓட்டுக்கு விடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் இடைவேளை கொடுத்தால், வர விருப்பமுள்ளவர்கள் என்னோடு வரலாம். மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும்.